கேமரா போடாத நாணு

"இல்லாத ஒருத்தருக்கு எங்க கம்பெனியிலேயே பெரிய பதவியைக் கொடுக்கப் போறோம். சாயந்திரம் அறிவிப்பு. அதுக்குள்ள நீங்க அவரை இருக்க வைக்கணும்" என்றாள் வந்தனா.

பம்பாய் மாடுங்காவில் பூக்கடைச் சந்துக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது வாலாம்பாள் துப்பறியும் நிலையம். ஓடிப்போன கணவர்களையும் திருடுபோன ஸ்கூட்டர்களையும் நிறையவே கண்டுபிடித்திருக்கிறது. இல்லாத ஆளை இருக்க வைக்கச் சொல்லி யாரும் இதுவரை படியேறியதில்லை. உதவியாளன் ஜாபெஸுக்கு வாய் துறுதுறுத்தது.

"மேடம், நீங்க அட்ரஸ் மாறி வந்துட்டிய. இல்லாததை இருக்க வைக்கிறது எங்க பாஸ்டர் டிபார்ட்மென்ட்டு."

"நீ சித்த சும்மா இரு" என்றாள் வாலாம்பாள். "நீங்க சொல்லுங்கோ."

வாலாம்பாளுக்கு ஐம்பது வயதை நெருங்குகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடிக்கும் வேலையில் இருந்தவள். செத்துப்போனதாகச் சொல்லிப் பணம் வாங்கியவரை உல்லாஸ்நகரில் பானிபூரிக் கடையில் வைத்துப் பிடித்து, "இன்னும் ரெண்டு சாப்பிடறேளா?" என்று கேட்டவள். ஜாபெஸ் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன். சந்து பொந்தெல்லாம் அத்துபடி. கிளையன்ட் முன்னால் அவளை 'மேடம்' என்பான், படியிறங்கினால் 'மாமி'.

வந்தனா மராட்டிக்காரி. மாடுங்காவிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். பாந்த்ரா பக்கம் பெரிய ஆபீஸ்கள் நிறைந்த பி.கே.சி.யில் இருக்கும் 'ஷாமியானா டெக்' கம்பெனியில் எச்.ஆர். தலைவி. கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், பேண்டு, மாப்பிள்ளைக்குக் குதிரை என்று எல்லாவற்றையும் போனிலேயே புக் செய்துகொடுக்கும் கம்பெனி அது.

"நாணுன்னு ஒருத்தர். வீட்டிலேருந்தே வேலை பண்றார். மீட்டிங்ல குரல் மட்டும்தான் வரும், கேமரா போடவே மாட்டார். கூச்ச சுபாவமாம். ஆனா மனுஷன் மேதை! போன சீசன்ல எங்க சிஸ்டம் ஒரே குதிரையை நாற்பது மாப்பிள்ளைக்கு புக் பண்ணிடுச்சு. நாற்பது பேரும் தலைப்பாகையோட ரோட்டுல நிக்கறாங்க. நாணு ஒரே மத்தியானத்துல சரி பண்ணினார்."

"குதிரை தப்பிச்சுது" என்றான் ஜாபெஸ்.

"அப்பேர்ப்பட்டவர் ராஜினாமா, ராஜினாமான்னு எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கார். ஒவ்வொரு தடவையும் பதவியை உசத்தினோம். இப்ப உசத்த ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. சி.டி.ஓ. தொழில்நுட்பத்துக்கே தலைவர்."

"அந்த நாற்காலியில இப்போ யாருமில்லையா?"

"மாரிசெல்வம் இருக்கார்" என்று வந்தனா குரலைத் தாழ்த்தினாள். "சாதாரண எஞ்சினியரா சேர்ந்தவர். டீம் லீடர், மேனேஜர், டைரக்டர், வைஸ் பிரசிடென்ட்னு ஏறிக்கிட்டே வந்து சி.டி.ஓ. ஆனார். ஆனதுலேருந்து ஒரு வேலையும் கிடையாது. மீட்டிங்ல தலையாட்டுவார். உண்மையான வேலையெல்லாம் நாணுதான் செய்யறார். அதனால இன்னிக்கு மாரிசெல்வத்தை வீட்டுக்கு அனுப்பிட்டு நாணுவை உட்கார வைக்கறோம்."

"அவருக்குத் தெரியுமோ?"

"நேத்து ஜாடையா சொன்னேன். மூஞ்சி வெளிறிப்போச்சு. இன்னிக்குக் காலையில அவசரமா சிங்கப்பூர் போயிட்டார். நாணுவோட நேரடியாப் பழகினது அவர் ஒருத்தர்தான். நாணு எங்கேன்னு கேட்டா, கர்நாடகாவுல ஏதோ மலைக் கிராமம்கறார். இருக்கும். எப்பப் பேசினாலும் அங்கே மழை."

வந்தனா தன் போனில் பதிவாகியிருந்த மீட்டிங் ஒன்றை ஓடவிட்டாள். ஒரு ஆணின் குரல் கிசுகிசுப்பாக எதையோ விளக்கியது. பின்னால் சோவென்று மழை.

வாலாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு பதிவைப் போடச் சொன்னாள். அதிலும் மழை. மே மாதத்துப் பதிவு ஒன்றைக் கேட்டாள். அதிலும் மழை.

"டேய், இந்த மழையைக் கவனிச்சியா? கொஞ்ச நாழி தூறறது. திடீர்னு ஸ்ஸ்ஸ்னு கொட்டறது. உடனே அடங்கிடறது. மறுபடி தூறல், மறுபடி கொட்டல். எந்த ஊர் மழைடா டைம்டேபிள் வெச்சுண்டு பெய்யும்?"

"செம்பூர்ல எங்க சித்தி வீட்டுக் குழாய்த் தண்ணி இப்படித்தான் வரும் மேடம்."

"இது மழையே இல்லை. நேந்திரங்காய் வறுவல். காய் பாதி வெந்ததும் எண்ணெயில உப்புத் தண்ணி விடுவா. அந்த ஸ்ஸ்ஸ் அதுதான். ஸ்டேஷனுக்குப் போறச்சே தினம் கேட்கறேன், எனக்குத் தெரியாதா?"

வந்தனா வாயைப் பிளந்தாள். பிறகு முகம் சுருங்கியது. "பம்பாய் பூரா சிப்ஸ் கடைதானே? மாடுங்கா, செம்பூர், காட்கோபர்... எங்கேன்னு தேடறது?"

"கொஞ்சம் இருங்க. அதை இன்னொருக்கா போடுங்க" என்றான் ஜாபெஸ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

கிசுகிசுப்பு, வறுவல், அதற்கும் பின்னால் எங்கோ தெருவில் ஒரு சத்தம். ஜலதோஷம் பிடித்த வாத்து தும்மியதைப் போல, பாஃப்... பாஃப்.

"பிச்சையா அண்ணாச்சி!" என்று எழுந்தே நின்றுவிட்டான் ஜாபெஸ். "இட்லி விக்கிறவிய எல்லாரும் ரப்பர் ஹார்ன்தான் அடிப்பாவ. எல்லாருக்கும் பாம் பாம்னு வரும். பிச்சையா அண்ணாச்சி ஹார்ன் கிழிஞ்சுபோயி, சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டியிருக்காவ. தாராவியிலயே அந்தச் சத்தம் ஒண்ணுதான் உண்டு."

வந்தனாவை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, வாலாம்பாள் பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

---

தொண்ணூறு அடி ரோட்டில் டாக்ஸியை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. பிச்சையா தன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அலுமினியத் தூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ ஜாபெசு, என்னடே இந்த நேரத்துல? கூட யாரு, சம்பந்தம் பேச வந்திருக்காவளா?"

"சம்பந்தம் பேசத்தான் அண்ணாச்சி, ஒரு நாற்காலிக்கு. நீங்க சாயங்காலம் போற வழியில சிப்ஸ் போடுற கடை எத்தனை இருக்கு?"

"ஒண்ணுதாம்டே. அடுத்த சந்துல, மாவு மில்லுக்கு எதிர்த்தாப்புல. நாணு கடை."

ஜாபெஸ் மாமியைப் பார்த்தான். மாமி ஜாபெஸைப் பார்த்தாள்.

"என்ன பேரு சொன்னிய?"

"நாணுடே. நாகர்கோயில்காரன். இங்கதான் படிச்சான், இங்கதான் காய் சீவுதான்."

சந்துக்குள் நுழையும்போதே தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. ஒரே அறைக் கடை. வாசலில் நேந்திரங்குலைகள். உள்ளே பனியனும் வேட்டியுமாக ஒரு கனத்த மனிதர், வாணலிக்கு மேலே நேராகக் காயைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமி, மேதைன்னா கண்ணாடி போட்டிருப்பான்னு நினைச்சேன்" என்று கிசுகிசுத்தான் ஜாபெஸ்.

"கேட்டுத்தான் பாரேன்."

ஜாபெஸ் முன்னால் போனான். "நீங்கதானே நாணு?"

"அதே."

"சர்வர் படுத்துட்டா என்ன செய்வீங்க?"

நாணு கையை நிறுத்தாமல் சொன்னார். "இங்க சர்வரே கிடையாது. பார்சல் மட்டும்தான்."

"கோடிங்?"

"எதுக்குக் கோடு? வட்டமாத்தான் சீவுவோம். நீளவாக்குல வேணும்னா முன்னாடியே சொல்லணும்."

ஜாபெஸ் திரும்பி வந்தான். "மாமி, இவர் நாணுதான். ஆனா அந்த நாணு இல்லை."

வாலாம்பாள் அதற்குள் கடையை ஒரு சுற்றுப் பார்த்திருந்தாள். கடையின் மூலையில் இரும்பு ஏணி ஒன்று பரணுக்கு ஏறியது. ஏணியின் காலடியில் ரப்பர் செருப்புகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, தன் மேல் எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு, பளபளவென்று ஒரு ஜோடி கறுப்பு ஷூ. அந்தச் சந்திலேயே அப்படி ஒரு ஷூ நடந்திருக்க முடியாது. யாரோ சுமந்து வந்ததுபோல் இருந்தது.

"மேலே யார் இருக்கா?" என்றாள்.

நாணுவின் கை முதல் தடவையாக நின்றது. "மேலயா? காய். பழுக்க வெச்சிருக்கு."

"காய் ஷூவைக் கழட்டி வெச்சுட்டு ஏறித்தா?"

சீவிய காய் எண்ணெயில் தளதளவென்று கொதித்தது.

வாலாம்பாள் போனை எடுத்தாள். வந்தனா கொடுத்திருந்த மாரிசெல்வத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு முறை மணி அடித்த பிறகு ஒரு கனமான, இஸ்திரி போட்ட குரல் வந்தது.

"மாரிசெல்வம் ஹியர்."

"நமஸ்காரம் சார். ஷாமியானா விஷயமா பேசறேன். எங்கே இருக்கேள்?"

"சிங்கப்பூர்ல மேடம். ஒரு முக்கியமான மீட்டிங்."

வாலாம்பாள் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நாணுவிடம் சொன்னாள். "காய் கருகறது பாருங்கோ. உப்புத் தண்ணியை விடுங்கோ."

தொழில்காரனுக்குக் காய் கருகுகிறது என்று சொன்னால் அதற்குமேல் எதுவும் ஞாபகம் இருக்காது. நாணு பதறிப்போய்க் கரண்டியால் உப்புத் தண்ணீரை எடுத்து வாணலியில் விட்டார்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

அதே ஸ்ஸ்ஸ்ஸ் போனிலிருந்தும் வந்தது.

"அங்கே மழையா சார்?" என்றாள் வாலாம்பாள்.

"ஆமா மேடம்" என்றது சிங்கப்பூர். "நல்ல மழை."

ஜாபெஸ் ஏணியில் கால் வைத்தான். "மாமி, வாங்க. பாஸ்போர்ட் இல்லாம சிங்கப்பூர் போயிட்டு வந்துருவோம்."

---

பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தபடி நுழைந்த ஜாபெஸ் முதலில் பார்த்தது ஒரு கோட். ஆணியில், வாழைநாரில் கட்டித் தொங்கியது. அடுத்து மூன்று திரைகள். அவற்றுக்கு முன்னால் லுங்கியும் பனியனுமாகச் சம்மணம் போட்டு, கழுத்தில் மட்டும் டையைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தார் ஷாமியானா டெக்கின் சி.டி.ஓ. இன்னமும் காதில் போன்.

"ஒரு நிமிஷம்" என்றார். குரலில் இஸ்திரி போய்விட்டது. "இதை மட்டும் சேவ் பண்ணிக்கிடுதேன்."

அவர் சேவ் பண்ணும்வரை துப்பறியும் நிலையம் காத்திருந்தது.

"நாணு நீங்கதானா?" என்றாள் வாலாம்பாள்.

"ஆமா மேடம்."

"உங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டு அந்த இடத்துல உட்காரப் போறதும் நீங்கதானா?"

"அதுவும் நான்தான்" என்று சொல்லி, மாரிசெல்வம் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

ஜாபெஸுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் துண்டுக்குப் பின்னால் தோள்கள் குலுங்கியதைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு, மூலையில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான். அதற்குள் வாலாம்பாள் வந்தனாவுக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லிவிட்டாள். பி.கே.சி.க்கும் தாராவிக்கும் நடுவில் ஒரு பாலம்தான்.

தண்ணீரைக் குடித்துவிட்டு மாரிசெல்வம் பேச ஆரம்பித்தார். இத்தனை நாளும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போல் பேசினார்.

"நான் இந்தச் சந்துப் பையன் மேடம். நாணுவும் நானும் ஒரே பெஞ்சு. எஞ்சினியரா சேர்ந்தப்ப ரெண்டு திரை கொடுத்தாங்க. நல்லா வேலை செய்தேன்னு டீம் லீடர் ஆக்கினாங்க, ஒரு திரையை எடுத்துட்டாங்க. அதுலயும் நல்லா செய்தேன், மேனேஜர் ஆக்கி சின்ன லேப்டாப் கொடுத்தாங்க. டைரக்டர் ஆனதும் டேப்லெட். வைஸ் பிரசிடென்ட் ஆனதும் போன் மட்டும். சி.டி.ஓ. ஆன அன்னைக்கு என் கையில ஒரு சின்ன ரிமோட்டைக் கொடுத்து, ஸ்லைடு மாத்துறதுக்கு இது போதும் சார்னு சொல்லிட்டாவ. அதுவும் சில நேரம் வேலை செய்யாது. பக்கத்துல இருக்கிறவன் மாத்துவான்."

"ஒருநாளாவது ஆசைக்குத் தொட்டுப் பார்க்கலாமே?" என்றான் ஜாபெஸ்.

"பார்த்தேனே! ஒரு சின்னத் தப்பை நானே திருத்தினேன். யாரோ வெளியாள் புகுந்துட்டான்னு கம்பெனி பூரா அலாரம் அடிச்சிட்டு. விசாரிக்கிறதுக்கு ஒரு கமிட்டி போட்டாங்க. கமிட்டித் தலைவர் நான்."

"யாரைப் பிடிச்சேள்?"

"இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம் மேடம்."

அதன் பிறகுதான் நாணுவின் சம்மதத்தோடு நாணுவின் பெயரில் தன்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். காலையில் செம்பூர் வீட்டிலிருந்து கோட்டு சூட்டோடு கிளம்புவார். மீட்டிங்கில் தலையாட்டுவார். மத்தியானம் 'வெளியூர் வேலை' என்று சொல்லிவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்து பரணில் ஏறிவிடுவார்.

"இன்டர்வியூ எடுத்தது யாரு?" என்று ஏணியின் உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது. வந்தனா. மூச்சு வாங்க, பாதி உடம்பு பரணிலும் பாதி உடம்பு கடையிலுமாக நின்றிருந்தாள்.

மாரிசெல்வம் டையின் நுனியை முறுக்கினார். "நான்தான் மேடம். சந்தேகம் வந்துரக்கூடாதுன்னு ரெண்டு கேள்விக்குத் தப்பா பதில் சொன்னேன்."

"நாணுவுக்கு அப்ரைசல்ல குறைச்சு மார்க் போட்டது?"

"மேலே ஏத்திருவீங்களோன்னு பயந்துதான் நாணு பேர்ல ராஜினாமா எழுதினேன், மார்க்கையும் குறைச்சேன். திறமைசாலியை அழுத்துறேன்னு நீங்க என்னைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிட்டீங்க. நான் வகுப்புல இருந்த நாள்லாம் நாணு காய்ச்சல்னு லீவு போட்டாரே, ஞாபகம் இருக்கா?"

வந்தனாவுக்கு ஞாபகம் இருந்தது. நாணு சீக்கிரம் குணமாகப் பூங்கொத்து அனுப்பச் சொன்னவளே அவள்தான்.

"அந்த மலைக் கிராமத்து அட்ரஸ் கேட்டேன். பூவை ஆபீஸ்ல என் மேஜைலயே வெச்சிருங்க, நானே கொடுத்துடறேன்னு சொன்னீங்க" என்றாள் பரிதாபமாக. "சம்பளம்? நாணுவுக்குப் போன சம்பளம்?"

கீழேயிருந்து நாணுவின் குரல் வந்தது. "பேங்குலயே கிடக்கு அம்மா. பயத்துல நான் அந்தப் பேங்கு இருக்கிற ரோட்டுலயே நடக்கிறதில்லை. எடுத்துக்கிட்டா எனக்குப் பெரிய உபகாரம்."

இந்தச் சமயத்தில் கடைக்குள் புயல்போல் ஒரு பெண் நுழைந்தாள். பட்டுப் புடவை. கையில் குடை, பிடித்த பிடியில் குடைக்கு வலித்திருக்கும்.

"எங்கே அவ?" என்றாள் நாணுவைப் பார்த்து.

மாரிசெல்வம் பரணிலிருந்து தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் உள்ளே இழுத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி. மாலதி."

மாலதி ஏணியில் ஏறினாள். வந்தனாவைப் பார்த்தாள். வாலாம்பாளைப் பார்த்தாள். யார் மேல் சந்தேகப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சிங்கப்பூர் போனவரு போனு தாராவியில இருக்குன்னு என் போனு காட்டுது. ரொம்ப நாளா இவர் சட்டை பூரா தேங்கா எண்ணெய் வாசம். எவளோ நீளமா முடி வெச்சிருக்கிறவன்னு நினைச்சுக்கிட்டேன். இதுல யாரு அது?"

"அம்மா, அந்த முடி கீழே வாணலியில இருக்கு" என்றான் ஜாபெஸ்.

மாரிசெல்வம் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். பதவி பிடிக்கவில்லை, கம்ப்யூட்டரில் வேலை பார்க்கத்தான் இங்கே வருகிறேன், வேறு ஒன்றுமில்லை என்றார். மாலதி குடையைக் கீழே வைத்தாள். கோபம் வடிந்தது. அதற்குப் பதிலாக அழுகை வந்தது.

"சின்ன வீடுன்னாகூடச் சொந்தக்காரங்ககிட்டச் சொல்லி அழலாம். சின்ன வேலைன்னு எப்படிங்க வெளிய சொல்லுவேன்? வாசல்ல போர்டு வெச்சிருக்கோம். கீழ் வீட்டு அம்மா என்னைச் சி.டி.ஓ. ஆன்ட்டின்னுதான் கூப்பிடுது!"

அந்த அழுகையில் நியாயம் இருப்பதாக ஜாபெஸுக்கே பட்டது.

திரைகளில் ஒன்று டிங் என்றது. வந்தனா வாட்சைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "போர்டு மீட்டிங்! எல்லாரும் நாணுவுக்காகக் காத்திருக்காங்க. மாரிசெல்வம், இன்னிக்காவது கேமராவைப் போடுங்க. பார்த்துட்டாங்கன்னா உண்மை தெரிஞ்சுடும். திட்டுவாங்க. திட்டிட்டு விட்டுடுவாங்க."

மாரிசெல்வம் மனைவியைப் பார்த்தார். கேமராவைப் போட்டார்.

திரையில் கட்டம் கட்டமாகக் கோட்டு போட்ட முகங்கள். நடுவில் கம்பெனிச் சேர்மன், வெள்ளை மீசை. எல்லோரும் லுங்கியைப் பார்த்தார்கள். பனியனைப் பார்த்தார்கள். டையைப் பார்த்தார்கள்.

பிறகு சேர்மன் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார்.

தன் இடத்துக்கு வரப்போகிறவரின் வீட்டுக்கே போய், அவரைப் போலவே உடுத்திக்கொண்டு, அவருடைய பாயிலேயே உட்கார்ந்து வரவேற்கிறாரே, இதல்லவா பெருந்தன்மை என்று தழுதழுத்தார்.

"சார், அப்படி இல்லை சார். நான்தான் நாணு."

"நான்தான் நாணு!" சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதைவிட ஒரு தலைவன் என்ன சொல்லிவிட முடியும்? எல்லா ஆபீஸ் சுவரிலும் எழுதுங்கள்."

"சார், நாணுன்னு ஒருத்தரே கிடையாது!"

"உண்மைதான். நாணு என்று தனியாக ஒருவர் கிடையாது. நாம் எல்லாருமே நாணு."

இந்தக் கூச்சலைக் கேட்டு, சிப்ஸ் தட்டோடு மேலே வந்த கடைக்காரர் கேமராவுக்குள் தலையை நீட்டினார். "அய்யோ சார், நான்தான் நாணு. தப்பு என்மேலயும் உண்டு."

"பார்த்தீர்களா! அதற்குள் பரவ ஆரம்பித்துவிட்டது!" என்றார் சேர்மன். கட்டம் கட்டமாகக் கைதட்டல்.

"மாமி, ஓடிருவோமா?" என்றான் ஜாபெஸ். "விட்டா என்னையும் நாணு ஆக்கிருவாவ."

சேர்மன் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். இப்படிப்பட்ட மனிதரை அனுப்பவே கூடாது. குழுமம் முழுமைக்கும் தலைமைச் செயல் அதிகாரியாக மாரிசெல்வத்தை நியமிக்கலாம் என்று தான் முன்மொழிவதாகச் சொன்னார். இனி அவர் ஸ்லைடைக்கூட மாற்ற வேண்டாம். அதற்கென்று தனியாக ஓர் அதிகாரி போடப்படுவார்.

வந்தனா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாணு குழப்பத்தில் தானே ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்தார். ஜாபெஸ் மட்டும் மாலதியைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

'தலைமைச் செயல் அதிகாரி' என்றதும் ஒரு நொடி அவள் முகத்தில் விளக்கு எரிந்தது. சட்டென்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கணவன் பக்கம் திரும்பினாள். மாரிசெல்வத்தின் கைகள் கீபோர்டிலிருந்து தாமாகவே இறங்கி மடியில் போய் உட்கார்ந்துகொண்டன. தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. மேலும் கீழும், மேலும் கீழும். ஆறு வருடமாக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த தலை அது. சாப்பாட்டு மேஜையிலும் டிவி முன்னாலும் அவள் எதைக் கேட்டாலும் இப்படித்தான் ஆடும். பரணில் ஏறி வந்தபோது பார்த்த முகம் வேறு. பயந்திருந்தது, ஆனால் அது அவள் கல்யாணம் செய்துகொண்ட ஆளின் முகம்.

மாலதி கணவனை இடித்துத் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம். நான் இவர் சம்சாரம். இவர் வரமாட்டாரு. இவருக்கு வேலை இருக்கு."

சேர்மன் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். எந்தப் பட்டனை அழுத்துவது என்று மாலதிக்குத் தெரியவில்லை. குடையை எடுத்துக் கேமரா மேல் விரித்துவிட்டாள். மாரிசெல்வம் மெதுவாகக் கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

கீழே கடைக்காரர் இல்லாமல் வாணலி தன்பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது. நாணு "அய்யோ" என்று ஏணியில் பாய்ந்தார்.

"இப்ப நான் போர்டுல என்ன சொல்றது?" என்றாள் வந்தனா.

"அதை ஏன் என்னைக் கேக்கறேள்?" என்றாள் வாலாம்பாள், முந்தானையால் கழுத்து வியர்வையை ஒற்றியபடி. "நீங்க ஆளைத் தேடச் சொன்னேள், தேடிக் கொடுத்துட்டேன். நாற்காலிக்கு ஆள் தேடறது வேற கேஸ்."

வந்தனா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு எச்.ஆர். குரலில் ஆரம்பித்தாள். "நாணுவோட ராஜினாமாவை இந்தத் தடவை ஏத்துக்கறேன். சம்பளம் பூரா கம்பெனிக்குத் திரும்பி வந்தாகணும். மாரிசெல்வம், நீங்களும் இன்னிக்கே எழுதிக் கொடுத்துடுங்க. எஞ்சினியர் வேலை ஒண்ணு காலியா இருக்கு, உங்க சொந்தப் பேர்லயே விண்ணப்பம் போடுங்க. இன்டர்வியூ நான் எடுக்கறேன்."

"கேள்வி கஷ்டமா இருக்குமா மேடம்?"

"ரெண்டு தப்பு சொன்னீங்கன்னா சந்தேகப்படுவேன்."

அவள் இறங்கினாள். வாலாம்பாள் இறங்கினாள். கடைசியாக ஏணியில் கால் வைத்த ஜாபெஸ், ஒரு படியில் நின்றுவிட்டான்.

மாலதி பாயில் உட்கார்ந்து மூன்று திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இன்னும் ஈரம். "இவங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"அது ஒண்ணுமில்லை" என்று மாரிசெல்வம் தயங்கினார். அவள் உண்மையிலேயே கேட்கிறாள் என்று புரிந்ததும் கழுத்திலிருந்த டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு திரையைச் சுட்டிக்காட்டினார். "இந்தா பாரு. காட்கோபர்ல ஒரு ரிசப்ஷனுக்கு ரெண்டு நாதஸ்வர செட்டு போய் நிக்கி. டோம்பிவிலியில ஒரு மண்டபத்துல ஒண்ணுகூட இல்லை. ஏன் இப்படி ஆச்சுன்னா..."

"ஏன்னு ராத்திரி வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றாள் மாலதி. "முதல்ல அந்த ரெண்டாவது செட்டை ரயில் ஏத்தி விடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பதறிக்கிட்டு இருப்பாங்க."